தவளையும் மருந்துக்கடையும்

'முயல் செத்துப்போச்சு!'

சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் ஒரு பெண் தன் தோழியிடம் இப்படிச் சொன்னால், தோழி கட்டிப்பிடித்துக் குதிப்பாள். சொன்னவள் கல்யாணம் ஆகாதவள் என்றால், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவாள். ஏனென்றால் அதற்கு அர்த்தம், 'நான் முழுகாமல் இருக்கிறேன்' என்பது!

பெண் கர்ப்பமானதற்கும் முயல் சாவதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால்தான், இன்றைக்கு மருந்துக்கடையில் விரலைக் குத்தி ரத்தம் பார்க்கலாமா, கூடாதா, அதை யார் கண்காணிப்பது என்று அமெரிக்கா இத்தனை வருஷமாக மல்லுக்கட்டுவதன் காரணம் புரியும்.

1920-களின் கடைசியில், பெர்லினில் ஆஷைம், ஸோண்டெக் என்று இரண்டு மருத்துவர்கள். கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். (இன்று அதன் பெயர் ஹெச்.சி.ஜி. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முடிகிற இடத்தில் மறுபடி வரும்.) வயசுக்கு வராத குட்டிச் சுண்டெலிகளுக்கு அந்தச் சிறுநீரை ஊசியில் ஏற்றி, நாலைந்து நாள் கழித்து அறுத்துப் பார்த்தார்கள். எலியின் கருப்பை முட்டைப்பைகள் பழுத்திருந்தால் அம்மணி கர்ப்பம். 1931-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன் என்பவர் எலிக்குப் பதில் முயலைப் பிடித்தார். உண்மையில் கர்ப்பமோ இல்லையோ, முயல் செத்துத்தான் ஆகவேண்டும். அறுத்தால்தானே உள்ளே பார்க்க முடியும்! ஆனால் ஊர் வாயில் 'முயல் செத்தால் கர்ப்பம்' என்று நின்றுவிட்டது. அப்புறம் லான்ஸலாட் ஹாக்பென் என்ற ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது அங்குள்ள ஒருவகைத் தவளையைக் கண்டுகொண்டார். ஊசி போட்டால் ஒரு ராத்திரிக்குள் முட்டை போட்டுவிடும். அறுக்க வேண்டாம். கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்து அதே தவளைக்கு மறுபடி ஊசி போடலாம்.

இதில் ஒரு சங்கதி. 1929-ல் எடின்பரோவில் தொடங்கிய கர்ப்பப் பரிசோதனை நிலையத்துக்கு, சிறுநீர் டாக்டரிடமிருந்துதான் வர வேண்டும். பதிலும் டாக்டருக்குத்தான் போகும். வயிறு யாருடையதோ அவளுக்கு நேரடியாகப் பதில் கிடையாது. எலியும் முயலும் தவளையும் மாறிக்கொண்டே இருந்தன. இந்த வழக்கம் மட்டும் சுலபத்தில் மாறவில்லை.

1960-ல் ஸ்வீடனில் வீடே, கெம்ஸல் என்ற இரண்டு பேர் பிராணிகளுக்கே விடுதலை கொடுத்தார்கள். ஆட்டு ரத்த அணுக்களை வைத்து ஒரு சோதனை. கண்ணாடிக் குழாயில் மருந்தையும் சிறுநீரையும் கலந்து ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டியது. ஹார்மோன் இருந்தால், அணுக்கள் குழாயின் அடியில் ஒரு அழகான வளையமாகப் படியும். இல்லாவிட்டால் வளையம் இல்லை. அவ்வளவுதான். சோறு வடிக்கத் தெரிந்தவர் யாரும் செய்யலாம்!

ஆனால் செய்ய விட்டால்தானே?

1967. நியூ ஜெர்ஸியில் ஆர்கனான் என்ற மருந்துக் கம்பெனி. மார்கரெட் க்ரேன் என்ற 26 வயசுப் பெண் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். விஞ்ஞானி அல்ல, டிசைனர். அழகுசாதன டப்பாக்களுக்கும் ட்யூபுகளுக்கும் உருவம் வரைவதுதான் வேலை. ஒருநாள் கம்பெனியின் லேபைச் சுற்றிப் பார்க்கப் போனவர், வரிசையாகத் தொங்கும் கண்ணாடிக் குழாய்களையும், அவற்றின் கீழே பளபளக்கும் ஒரு கண்ணாடிப் பரப்பையும் பார்த்தார். என்ன இது என்று விசாரித்தால், டாக்டர்கள் அனுப்பிய கர்ப்பப் பரிசோதனைகள்! குழாயின் அடியில் வளையம் விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கிறார்கள். இதற்கா டாக்டரிடம் போய், சிறுநீர் கொடுத்து, நாள் கணக்கில் நகம் கடித்துக் காத்திருப்பது என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போனவர் சும்மா இருக்கவில்லை. மேஜை மேல் பேப்பர் க்ளிப் போட்டு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. ஒரு குழாய், ஒரு சொட்டுக்குழல், அடியில் சாய்வாக ஒரு கண்ணாடித் துண்டு. வேலை முடிந்தது. வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை!

கம்பெனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் காரணம் வியாபாரம். பரிசோதனைகளை அனுப்புவது டாக்டர்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டால் பிழைப்பு என்னாவது? இரண்டாவது காரணத்தைப் பின்னாளில் க்ரேனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகாத ஒரு செனட்டர் மகள் இந்த டப்பாவில் பார்த்துத் தான் கர்ப்பம் என்று தெரிந்துகொண்டு பாலத்திலிருந்து குதித்துவிட்டால், கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதானே என்று பயந்தார்களாம். டாக்டர் வாயால் கேட்டால் மட்டும் அந்தப் பெண் குதிக்காமல் இருப்பாளா என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இருந்தாலும், யோசனையை மேலிடம் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடவில்லை. வெளியிலிருந்து ஆண் டிசைனர்களைக் கூப்பிட்டு மாதிரிகள் செய்யச் சொன்னது. (க்ரேனுக்கு அழைப்பு இல்லை!) அவர்கள் பூப்போட்டும், குஞ்சம் வைத்தும் அலங்காரமாக என்னென்னவோ செய்துகொண்டு வந்தார்கள். கூட்டம் நடந்த அன்று க்ரேன் தானாகவே உள்ளே போய், தன் டப்பாவையும் அந்த வரிசையில் வைத்துவிட்டார். ஐரா ஸ்டர்டவன்ட் என்ற விளம்பர நிபுணர் வந்தார், ஒவ்வொன்றாகப் பார்த்தார், நேரே அந்த எளிய டப்பாவைக் கையில் எடுத்தார். (டப்பாவோடு டிசைனரையும் அவருக்குப் பிடித்துப்போனது தனிக்கதை. 2008-ல் அவர் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள்.)

காப்புரிமை க்ரேன் பெயரில் 1971-ல் வந்தது. கம்பெனிக்கு அதை எழுதிக்கொடுத்ததற்கு அவருக்குப் பேசிய விலை ஒரு டாலர். அந்த ஒரு டாலரும் கைக்கு வரவில்லை!

அதே 1971-ல் 'ப்ரெடிக்டர்' என்ற பெயரில் கனடா மருந்துக்கடைகளில் டப்பா விற்பனைக்கு வந்துவிட்டது. கண்டுபிடித்த நாட்டில்? இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அலமாரியில் கிடைத்த பொருளுக்கு, இந்தப் பக்கம் இன்னும் ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில், அதே நியூ ஜெர்ஸியில் ஒரு வேடிக்கையான வழக்கு. 'ஓவா-2' என்று வேறொரு கம்பெனி ஒரு கர்ப்பப் பரிசோதனை டப்பாவைக் கொண்டுவர, எஃப்.டி.ஏ. அதைப் பறிமுதல் செய்தது. (மருந்து, உணவு விஷயங்களில் அமெரிக்காவுக்குக் காவல்காரன் இந்த எஃப்.டி.ஏ.) எந்தச் சட்டத்தின் கீழ்? நோயைக் கண்டுபிடிக்க உதவும் பொருளும் 'மருந்து'தான் என்று பழைய சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தின் கீழ். வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. 1975-ல் தீர்ப்பு: கர்ப்பம் ஒரு நோயல்ல, ஆகவே டப்பா மருந்தல்ல, ஆகவே பறிமுதல் செல்லாது!

படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. கர்ப்பம் நோயில்லை என்று ஒரு நீதிபதி சொன்னால் எந்தப் பாட்டியும் தலையாட்டுவாள். ஆனால் இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். மருந்தல்ல என்றால், அது நிஜம் சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று முன்கூட்டியே பரிசோதிக்க அரசாங்கத்துக்கு வழியே இல்லை. அந்தக் காலத்தில் மருத்துவக் கருவிகளுக்கெல்லாம் இதே கதிதான். டால்கன் ஷீல்ட் என்ற கருத்தடைச் சாதனம் பெண்களின் உயிரையே வாங்கியபிறகுதான் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 1976 மே 28 அன்று ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில், கருவிகளும் பரிசோதனை டப்பாக்களும் எஃப்.டி.ஏ.-வின் குடைக்குள் வந்தன.

வந்ததும் கதவும் திறந்தது. ப்ரெடிக்டர், இ.பி.டி. என்று நாலைந்து பெயர்களில் டப்பாக்கள் மருந்துக்கடைக்கு வந்தன. விலை சுமார் 10 டாலர். இரண்டு மணி நேரம் யாரும் மேஜையை இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஆம்' என்று காட்டினால் 97 சதவிகிதம் சரி. 'இல்லை' என்று காட்டினால் 80 சதவிகிதம்தான் சரி, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள் என்று 1978-லேயே பெண்கள் பத்திரிகையில் பச்சையாக எழுதினார்கள். ஐந்து 'இல்லை'யில் ஒன்று தப்பு! ஆனால், எவ்வளவு தப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் விற்றார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் வரும் பரிசோதனைகளிலேயே கௌரவமானது இதுதான்.

*

அடுத்த காட்சி, மருந்துக்கடைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத இடத்தில். 1987-ல் வால்ட் பாக்டனிச் என்ற நிருபர் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு தொடர் எழுதினார். கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையை, சில லேப்கள் பீடி சுற்றுகிற மாதிரி 'பீஸ் ரேட்'டில் நடத்திக்கொண்டிருந்தன. ஒரு ஸ்லைடுக்கு இவ்வளவு காசு என்று கணக்கு. ஊழியர்கள் அவசர அவசரமாகப் பார்த்துத் தள்ளினார்கள். புற்றுநோய் இருந்தும் 'ஒன்றுமில்லை' என்று பதில் வாங்கிய பெண்கள் செத்துப்போனார்கள். அந்தத் தொடருக்கு 1988-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே வருஷம் 'க்ளியா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் லேப் சட்டம் வந்தது.

இந்தச் சட்டம் போட்ட ஒரு போடு என்ன தெரியுமா? மனித உடம்பிலிருந்து எடுத்த எதையும் மருத்துவ நோக்கத்தில் சோதிக்கும் இடம் எதுவானாலும் அது லேப்! மூலைக்கடை மருந்தாளுநர் ஒரு பெரியவரின் விரலைக் குத்தி ஒரு சொட்டில் சர்க்கரை பார்த்தால், அந்த நிமிஷம் அவர் கடையும் சட்டப்படி லேப்தான்.

அப்படியானால் கடைக்காரர் படிப்பும் பட்டமும் பெற்ற லேப் டைரக்டரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டுமா? அதற்கும் வழி வைத்தார்கள். 1992-ல் வந்த விதிகளில், ரொம்ப எளிமையானவை என்று எட்டே எட்டு சோதனைகளுக்கு விலக்கு. வீட்டு உபயோகத்துக்கான கருவியில் ரத்தச் சர்க்கரை பார்ப்பது அதில் ஒன்று. சிறுநீரில் கர்ப்பம் பார்ப்பது இன்னொன்று. கட்டணம் கட்டி விலக்குச் சான்றிதழ் வாங்கி, டப்பாவின் மேல் போட்டிருக்கிறபடி செய்தால் போதும். வழக்கமான இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. 1997-ல் இன்னொரு சட்டம், வீட்டில் செய்யலாம் என்று எஃப்.டி.ஏ. அனுமதித்த எந்தச் சோதனைக்கும் இந்த விலக்கு தானாகவே உண்டு என்றது. ஒரு பெண் தன் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கஷ்டப்பட்டு வாங்கிய உரிமை, இப்போது மருந்துக்கடைக்கு லைசென்ஸ் அளவுகோலாக ஆகிவிட்டது! இன்றைக்கு அமெரிக்க மருந்துக்கடைகளில் ஃப்ளூ, தொண்டைப் புண் என்று பார்ப்பதெல்லாம் இந்த வாசல் வழியாகத்தான். கொரோனா வந்தபோது, 2020 ஏப்ரலில், மருந்தாளுநரே பரிசோதனைக்கு உத்தரவு போடலாம் என்று மத்திய அரசு அனுமதித்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான்.

எய்ட்ஸ் பரிசோதனை மட்டும் இந்த வாசலில் ரொம்ப நாள் நின்றது. எண்பதுகளின் கடைசியில் வீட்டிலேயே ரத்தம் எடுத்து அனுப்பும் திட்டத்தைக் கம்பெனிகள் கொண்டுவந்தபோது, போனில் 'உனக்கு இருக்கிறது' என்று கேட்டால் தற்கொலை செய்துகொள்வார்கள் என்று ஆட்சேபித்தார்கள். ஆமாம், அதே செனட்டர் மகள், அதே பாலம்! 1996-ல்தான் முதல் அனுமதி. வீட்டிலேயே முடிவும் தெரிகிற சோதனைக்கு 2012 ஜூலை ஆயிற்று.

*

சரி, இத்தனை காவல் இருக்கிறதே, யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்தால்... வந்தார் எலிசபெத் ஹோம்ஸ்.

19 வயசில் ஸ்டான்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டு 2003-ல் அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் பின்னர் தெரனோஸ் ஆனது. கைநிறையக் குழாய்களில் ரத்தம் எடுக்க வேண்டாம். விரல் நுனியில் சில சொட்டுப் போதும், நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்யலாம் என்பது வாக்குறுதி. வால்கிரீன்ஸ் என்ற பிரம்மாண்ட மருந்துக்கடைச் சங்கிலி மயங்கியது. போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் வேறு. லேப் விஷயம் தெரிந்த ஆலோசகர் ஒருவரை அவர்களே அமர்த்தினார்கள். அவர் லேபைப் பார்க்க வேண்டும் என்றார், காட்டவில்லை. சந்தேகமாக இருக்கிறது என்றார், கேட்கவில்லை. 2013 செப்டம்பரில் கூட்டணி அறிவிப்பு. கலிஃபோர்னியாவில் ஒன்று, அரிஸோனாவில் நாற்பது என்று கடைகளுக்குள் பரிசோதனை அறைகள் முளைத்தன.

எஃப்.டி.ஏ. எங்கே போயிற்று? இங்கேதான் ஓட்டை. பாக்கெட் போட்டுக் கடைக்கு அனுப்புகிற சாம்பார் பொடிக்கு லைசென்ஸ் வேண்டும். ஓட்டல்காரர் தன் அடுப்படியில் தானே அரைத்துப் போட்டுக்கொள்ளும் பொடிக்குத் தனியாக யாரும் முத்திரை கேட்பதில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். விற்பனைக்கு வரும் கருவியை எஃப்.டி.ஏ. பார்க்கும். ஒரு லேப் தானே உருவாக்கித் தனக்குள்ளேயே பயன்படுத்தும் சோதனையில், 1976-லிருந்தே அது தலையிடாமல் இருந்துவந்தது. க்ளியா அதிகாரிகளோ லேபைப் பார்ப்பார்கள்.

தெரனோஸ் தன் இயந்திரத்தை மருந்துக்கடைக்குள் வைத்திருந்தால் விலக்கு வேண்டும், விலக்குக்கு எஃப்.டி.ஏ. அனுமதி வேண்டும். எனவே கடையில் ரத்தம் மட்டும் எடுத்து, கூரியரில் கலிஃபோர்னியாவிலிருந்த தன் லேபுக்கு அனுப்பிவிட்டது. அடுப்படிப் பொடி! 2012-லேயே டேவிட் ஷூமேக்கர் என்ற ராணுவ அதிகாரி இது சரியில்லையே என்று கேட்டு, விஷயம் அதிகாரிகள் வரை போய், பெரிதாக ஒன்றும் நடக்காமல் அடங்கிவிட்டது. 2013 டிசம்பரில் வந்த இன்ஸ்பெக்டருக்கு, வழக்கமான கம்பெனிகளின் இயந்திரங்கள் இருந்த மேல்மாடியைத்தான் காட்டினார்கள். தெரனோஸின் சொந்த இயந்திரம் இருந்த கீழ்த்தளத்தை அவர் பார்க்கவில்லை என்று ஜான் கேரிரூ தன் புத்தகத்தில் எழுதுகிறார். உள்ளபடிக்கு அந்த இயந்திரம் பத்துப் பதினைந்து சோதனைகளுக்குத்தான் பயன்பட்டது. மீதியெல்லாம் கடையில் வாங்கிய அடுத்தவன் மெஷின்.

2014 இலையுதிர் காலம். அரிஸோனாவில் ஒரு பெண். மூன்று முறை கரு கலைந்தவர். மறுபடி கர்ப்பம். கரு நிலைக்கிறதா என்று பார்க்க மருந்துக்கடையில் தெரனோஸ் சோதனை. அதே ஹார்மோன், ஹெச்.சி.ஜி.! முதல் சோதனையில் 12,558. இரண்டொரு நாளில் எடுத்த அடுத்த சோதனையில் 125. நூறில் ஒரு பங்கு. இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. இந்தக் கருவும் போயிற்று என்று அவருக்குச் சொல்லப்பட்டது. வேறொரு லேபில் பார்த்தபிறகுதான் கரு பத்திரமாக இருப்பது தெரிந்தது. அந்தக் குழந்தை, பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. 2021-ல் ஸான் ஹோஸே கோர்ட்டில் அந்தத் தாய் சாட்சிக்கூண்டில் ஏறினார்.

பெர்லின் சுண்டெலி ஐந்து நாளில் ஒழுங்காகச் சொன்ன பதிலை, பல நூறு கோடி டாலர் மதிப்புப் போட்ட கம்பெனியால் சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவே அரிஸோனாவில் இன்னொரு காரியம் நடந்திருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமலே யாரும் எந்த ரத்தச் சோதனையும் செய்துகொள்ளலாம் என்று 2015 ஏப்ரலில் அந்த மாநிலம் சட்டம் போட்டது. அதற்காகப் பாடுபட்டவர் ஹோம்ஸ். என் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு உரிமையில்லையா என்பதுதான் அவருடைய வாதமும். மார்கரெட் க்ரேனின் நியாயம் அப்படியே, வார்த்தை பிசகாமல்! எனக்கு இதுதான் பெரிய சங்கடம். வாதம் தப்பே இல்லை. கையிலிருந்த சரக்குதான் பொய்.

அந்த வருஷம் அக்டோபரில் கேரிரூவின் முதல் கட்டுரை. பத்திரிகை அதே வால் ஸ்ட்ரீட் ஜர்னல். அதற்குச் சற்றுமுன் எரிகா சூங் என்ற முன்னாள் லேப் ஊழியர் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். இந்த முறை இன்ஸ்பெக்டர்கள் முழுசாகப் பார்த்தார்கள். நோயாளிகளின் உயிருக்கு உடனடி ஆபத்து என்று 2016 ஜனவரியில் கடிதம் வந்தது. ஜூனில் வால்கிரீன்ஸ் உறவை முறித்துக்கொண்டது. இயந்திரத்தின் முடிவுகள் இரண்டு வருஷத்துக்கு மொத்தமாகச் செல்லாது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2017-ல் அரிஸோனா அரசு போட்ட ஒப்பந்தப்படி, சோதனை செய்துகொண்ட 1,75,940 பேருக்குப் பணத்தைத் திருப்பித் தர 46.5 லட்சம் டாலர்.

2022 ஜனவரியில் ஜூரி, முதலீட்டாளர்களை ஏமாற்றிய நான்கு குற்றங்களில் ஹோம்ஸைக் குற்றவாளி என்றது. நோயாளிகளை ஏமாற்றியதான குற்றச்சாட்டுகளில்? விடுதலை! அந்தத் தாயின் சாட்சியம் இந்தக் கணக்கில் ஏறவில்லை. (கூட்டாளி பல்வானியைத் தனியாக விசாரித்த ஜூரி, நோயாளிகள் விஷயத்திலும் சேர்த்துக் குற்றவாளி என்றது.) ஹோம்ஸுக்கு 11 வருஷம் 3 மாதம் சிறை.

தெரனோஸ் சரிய ஆரம்பித்த அதே 2015-ல், கோடையில், க்ரேனின் பேப்பர் க்ளிப் டப்பா ஏலத்துக்கு வந்தது. ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் 11,875 டாலருக்கு வாங்கியது.

அடுப்படிப் பொடிக்கும் முத்திரை வேண்டும் என்று எஃப்.டி.ஏ. ஒருவழியாக 2024 மேயில் விதி கொண்டுவந்தது. லேப்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 31 அன்று டெக்ஸாஸ் ஃபெடரல் நீதிபதி, லேப் சோதனை என்பது ஒரு சேவை, அது கருவி அல்ல, ஆகவே எஃப்.டி.ஏ.-வுக்கு அதில் அதிகாரமில்லை என்று விதியை ரத்து செய்தார்.

ஐம்பது வருஷத்துக்கு முன் நியூ ஜெர்ஸியில், மருந்தல்ல என்றார்கள். இப்போது டெக்ஸாஸில், கருவியல்ல என்கிறார்கள்.